சாமி ஏறாத ஜந்து

காமுவுக்கு வேண்டியிருந்தது ஒரு சின்ன ஜந்து. படுக்கையறையில் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். மாமியாரை அந்த அறையிலிருந்து கிளப்பும் அளவுக்குத் தீட்டாகவும் இருக்க வேண்டும்.

முதலில் தோன்றியது நாய்க்குட்டிதான். நாய் நடமாடும் அறையில் எந்த மாமியாரும் மடிப்புடவை உலர்த்தமாட்டாள். ஆனால் காமுவின் கணவன் மஹாதேவனுக்கு நாய் என்றால் நடுக்கம். சின்ன வயதில் மன்னார்குடியில் ஒன்று துரத்தியதாம். கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் துரைமார் முன்னால் நின்று பதில் சொல்கிறவன், தெருவில் நாய் படுத்திருந்தால் அடுத்த சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவான். பூனையும் உதவாது. பூனைக்குத் தீட்டே கிடையாது என்று சாஸ்திரம் விலக்கு கொடுத்துவிட்டது. பூனை மடி அடுக்களைக்குள் தாராளமாக வரலாம். குளிக்காத மருமகள்தான் வரக்கூடாது.

வங்காளத்திலிருந்து ராஜதானியை டில்லிக்குக் கொண்டுபோன வருஷம் அது. பாதி ஊர் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. காமுவுக்கு ராஜதானி எங்கே போனாலும் கவலையில்லை. மாமியார் முன் அறைக்குப் போனால் போதும்.

அவர்கள் குடியிருந்தது பவானிபூரில், ஒரு வங்காளி வீட்டின் மாடியில். முன் அறை ஒன்று, அடுக்களை ஒன்று, பின்னால் தெற்குப் பார்த்த படுக்கையறை ஒன்று. கீழே வீட்டுக்காரர் குடும்பம். அந்த வீட்டு எஜமானியை எல்லோரும் கின்னிமா என்பார்கள். கின்னிமா கடுகெண்ணெயில் ஹில்ஸா மீன் வறுக்க ஆரம்பித்தால் வாசனை படியேறி வந்து முன் அறையில் உட்கார்ந்துகொள்ளும். அடுக்களையையும் விடாது. படுக்கையறைக்கு மட்டும் அது எட்டுவதில்லை. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் மஹாதேவன்.

அப்பா காலமானபின் அம்மா அனந்தலக்ஷ்மி மன்னார்குடியிலிருந்து வந்து இறங்கியதும் அவன் சொன்ன முதல் விஷயமே அதுதான். அன்றைக்கே அனந்தலக்ஷ்மி அம்மாளின் மடிக்கொடி அந்த அறை உத்தரத்தில் ஏறிவிட்டது. ஜபமாலையும் சொம்பும் கோரைப்பாயும் பின்னாலேயே வந்தன. பகலில் அந்த அறைக்குள் காமு கொடியில் தலை பட்டுவிடாமல் குனிந்து நடந்தாள். இரவில் மாமியார் கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் பிள்ளைக்கு விசிறினாள். அவன் தூங்கும்வரை விசிறுவாள். தூங்கியபின் நிறுத்தினால் விழித்துக்கொள்வான் என்று இன்னும் கொஞ்சம் விசிறுவாள். அப்புறம் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே பாயை விரித்துப் படுத்துக்கொள்வாள்.

இப்படி இரண்டு வருஷம். கதவை ஒருநாளும் தாழிட்டதில்லை. தாழ்ப்பாள் துருவேறிப் போயிருந்தது.

இதையெல்லாம்கூட காமு பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் பிள்ளை இல்லையே என்ற பேச்சை ஆரம்பித்ததும் அதே மாமியார்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் காளிகாட்டுக்கு அழைத்துப்போய் மரத்தில் கல் கட்டவைத்தாள். மரத்தில் கல்லைக் கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று நம்பியவளுக்கு, கதவைச் சாத்தினால் பிறக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. சித்திரை பிறந்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. தை மாசம் மன்னார்குடியிலிருந்து அவளுடைய அண்ணா வரப்போகிறாராம். அண்ணாவுக்குப் பட்டு என்று ஒரு பெண் இருக்கிறாளாம். நல்ல லக்ஷணமாம். அவளையும் அழைத்து வருகிறாராம்.

எதற்காக அழைத்து வருகிறார் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்குகிற விஷயங்கள் பெண்களுக்கு நிறைய உண்டு.

புருஷனும் பெண்டாட்டியும் தனியாகப் பேச மொட்டைமாடி ஒன்றுதான் இடம். அங்கேயும் துணி உலர்த்துகிற நேரம் மட்டும்.

"நீங்களே அம்மாகிட்ட சொல்லப்படாதா?" என்று கேட்டாள் காமு.

"என்னன்னு?"

"முன் அறையிலே படுத்துக்கோங்கோன்னு."

"மீன் நாத்தத்திலயா? பெத்தவளைப் போய் அங்கே படுன்னு சொன்னா நாக்கு அழுகிடும்டி."

"அப்போ தை மாசம் என்னை எங்கே படுக்கச் சொல்லப் போறேள்?"

மஹாதேவன் கொடியில் உலர்ந்த வேஷ்டியின் ஓரத்தை நீவி நீவி விட்டான். அப்போதுதான் காமு ஜந்து யோசனையைச் சொன்னாள். அறைக்குள் ஏதாவது ஒன்று அசுத்தம் பண்ணிக்கொண்டு கிடந்தால் மடிக்கொடி தானாக வெளியே போகும், பின்னாலேயே பாயும் போகும், யாரும் யாரையும் போகச் சொன்னதாக இருக்காது.

மஹாதேவன் கொஞ்சநேரம் மேலே பார்த்தான். பிறகு முகம் தெளிந்தது.

"நல்ல யோசனைதான். கிதிர்பூர்ல ரஹீம் மியான்னு ஒருத்தர் இருக்கார். கப்பல்லேர்ந்து வர்ற பட்சி, மிருகம் எல்லாம் அவர்கிட்ட கிடைக்கும். ஆபீஸ் விட்டு வர்ற வழிதான். நானே பார்த்து வாங்கிண்டு வரேன்."

வேறு யார் வாங்குவது? வாங்குவது ஆம்பிளை வேலை. வாங்கியதன் அடியில் கழுவுவது பெண்பிள்ளை வேலை.

முதலில் வந்தது ஒரு கிளி.

காமுவுக்கு அது திருப்தியாகவே இருந்தது. கிளி கொய்யாப்பழத்தைக் கடித்துத் துப்பும், எச்சமிடும். கூண்டை மடிக்கொடிக்கு நேர் மேலே உத்தரத்துக் கொக்கியில் மாட்டச் சொன்னாள். மஹாதேவன் ஸ்டூலில் ஏறி மாட்டினான். அனந்தலக்ஷ்மி அம்மாள் உள்ளே வந்து நிமிர்ந்து பார்த்தாள். முகம் சுருங்க ஆரம்பித்தது. ஸ்டூலில் நின்றபடியே மஹாதேவன், "ஏம்மா, மதுரையிலே மீனாக்ஷி கையிலே ஒண்ணு இருக்குமே, அச்சு அசல் அதே மாதிரி இல்லையோ?" என்றான்.

சுருங்கிய முகம் அப்படியே விரிந்தது. அனந்தலக்ஷ்மி அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து கிளிக்கு 'ராம ராம' பாடம். இரவில் மட்டும் வந்து படுத்தவள் இப்போது பகலிலும் அறையை விட்டு நகரவில்லை. அந்தக் கிளியோ ஏதோ ஒரு வங்காளி வீட்டில் வளர்ந்தது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். "பௌமா! ஓ பௌமா!" என்று கூப்பிடும். மருமகளைக் கூப்பிடுகிற வார்த்தை. எந்தக் கிழவி அதற்கு வாத்தியாரோ, தொண்டை அப்படியே வந்திருந்தது. கோழி கூவுமுன் அது 'பௌமா' என்று ஆரம்பித்தால், அதற்குப் பின்பாட்டாக மாமியார் 'ஏண்டி காமு' என்பாள். கீழே கின்னிமாவும் காமுவை 'பௌமா' என்றுதான் கூப்பிடுவாள். ஆகையால் காமு ஈரக்கையோடு படியிறங்கிப் போய் நின்றுவிட்டு, கூப்பிட்டது கிளி என்று தெரிந்து திரும்பி வந்த நாட்கள் உண்டு. ஒரு மாமியாரை வெளியேற்றப் போய் இன்னொன்று குடிவந்துவிட்டது.

"மீனாக்ஷி பேச்சை எதுக்கு எடுத்தேள்?" என்று மொட்டைமாடியில் கேட்டாள்.

"வாயிலே வந்துடுத்துடி. வேணும்னா சொன்னேன்?"

இருக்கும் என்று நினைத்தாள். அவன் கொஞ்சம் அசடு என்று அவளுக்கு ஏற்கனவே ஒரு எண்ணம் உண்டு. அதைப் பெரிய குறையாக அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

நடுவில் ஒரு வாரம் அனந்தலக்ஷ்மி அம்மாளுக்கு மணிக்கட்டு பிசகிக்கொண்டது. விளக்கெண்ணெய் தடவிக் கட்டுப்போட்டாள். விசிறி காமுவின் கைக்கு வந்தது. பகல் முழுக்க அம்மியும் கிணறுமாகக் கிடந்தவள், விசிறிக்கொண்டே தூங்கிவிட்டாள். விசிறிக் காம்பு மஹாதேவன் மூக்கில் விழுந்தது. அவன் போட்ட சத்தத்தில் கிளி எழுந்துகொண்டு 'பௌமா' என்றது. மறுநாளே அனந்தலக்ஷ்மி அம்மாள் கட்டோடு விசிறியை வாங்கிக்கொண்டாள். "புருஷனுக்கு ஒரு விசிறிகூட விசிறத் தெரியலை" என்ற செய்தி, மொழி தெரியாத கின்னிமாவரைக்கும் ஜாடையில் போய்ச் சேர்ந்தது.

அடுத்தது எலி என்று காமு தீர்மானித்தாள். மாமியாருக்கு எலியைக் கண்டால் ஆகாது. எலி மடிப்புடவையைக் கடித்துக் குதறும் என்பது கூடுதல் லாபம். சாக்கடை எலி மாதிரி ஒன்றாகப் பாருங்கள் என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினாள். மஹாதேவன் கொண்டு வந்தது வெள்ளை எலி. பால் மாதிரி வெள்ளை. குன்றிமணிக் கண். முன்னங்கால்களைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்தது.

"சாக்கடை எலியெல்லாம் கூண்டிலே விக்கமாட்டாளாம்" என்றான்.

அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் கூப்பிய கால்களைப் பார்த்ததுமே காமுவுக்குச் சந்தேகம் தட்டியது. அனந்தலக்ஷ்மி அம்மாள் வந்தாள், பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள். "மூஷிகம்னா" என்றாள் மெதுவாக.

வாகனம் ஒரு இடத்திலும் சுவாமி ஒரு இடத்திலும் இருக்கலாமா? முன் அறையிலிருந்த பிள்ளையார் விக்ரஹம் படுக்கையறைக்கு வந்தது. பிள்ளையார் வந்ததும் விளக்கு வந்தது. விளக்கு வந்ததும் அடுத்த கேள்வி வந்தது. சுவாமி இருக்கிற அறையில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கட்டிலில் படுக்கலாமா? படுக்கக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. காமுவுக்குச் சுவரோரத்தில் தனிப்பாய். கட்டிலில் மஹாதேவன் கையையும் காலையும் பரப்பிக்கொண்டு படுத்தான். எலிக்குத் தினம் ஒரு கொழுக்கட்டை. அதைச் செய்தவள் காமு.

ஆவணி முழுக்க அவள் யோசித்தாள். எங்கே தப்பு நடக்கிறது என்று அவளுக்குப் புரிந்தமாதிரி இருந்தது. மாமியாருக்குப் பிடிக்காததாகத் தேடினது தப்பு. மாமியார் பயப்படுகிற ஒன்றாகத் தேட வேண்டும்.

ஆந்தை. விளக்கு வைத்தபின் அந்தப் பெயரையே அனந்தலக்ஷ்மி அம்மாள் சொல்லமாட்டாள். மன்னார்குடி வீட்டுப் புளியமரத்தில் ஆந்தை அலறினதாலேதான் மாமனார் போனார் என்பது அவள் கட்சி. அவருக்கு இருந்த நீரிழிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

"ஆந்தையா?" என்று மஹாதேவன் பின்வாங்கினான். "வீட்டுக்குள்ளேயா?"

"ஆந்தைதான். வேற எதையாவது தூக்கிண்டு வந்தா நான் பொறந்தாத்துக்குப் போறேன். தை வரைக்கும் காத்திண்டிருக்க வேண்டாம்."

அன்று முழுக்க அவன் முகம் சரியில்லை. மறுநாள் ஆபீஸிலிருந்து வந்தவன் சட்டையைக் கழற்றும்போதே, "விசாரிச்சுட்டேன். ஆந்தையே வாங்கிடலாம்" என்றான். குரலில் ஒரு உற்சாகம்கூட இருந்தது. தனக்காக அவன் தைரியம் வரவழைத்துக்கொண்டான் என்று காமுவுக்கு நெஞ்சு இளகியது. அன்றைக்கு ரசத்தில் ஒரு கரண்டி நெய் கூடுதலாக விட்டாள்.

பூஜை விடுமுறை முடிந்து கொஞ்ச நாளில் பிரப்பங்கூடையில் ஆந்தை வந்தது. உருண்டை முகம், வெள்ளை மார்பு. கூடையைத் திறந்ததும் தலையைப் பின்பக்கமாகத் திருப்பி அனந்தலக்ஷ்மி அம்மாளைப் பார்த்தது.

அவள் கத்தின கத்தில் தெருவே நின்றது. பாயைச் சுருட்டினாள். கொடியிலிருந்த புடவைகளை அள்ளினாள். பிள்ளையாரை இடுப்பில் எடுத்துக்கொண்டாள். கிளிக்கூண்டையும் எலிக்கூண்டையும் எடுத்துவரச் சொல்லிவிட்டு, ஹில்ஸா வாசனைக்கு நடுவில் முன் அறையில் போய் உட்கார்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

காமு அறையைப் பெருக்கினாள். கட்டிலுக்குச் சலவை விரிப்பு போட்டாள். தாழ்ப்பாளுக்குத் தேங்காயெண்ணெய் விட்டு, இழுத்தும் தள்ளியும் பார்த்தாள். முதலில் முனகியது. பிறகு வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள்.

அப்போது படிக்கட்டில் சங்கு ஊதும் சத்தம் கேட்டது.

சங்கோடு குலவையும் வந்தது. பின்னாலேயே கின்னிமா வந்தாள், கையில் விளக்கோடு. அவளுக்குப் பின்னால் அவள் நாட்டுப்பெண்கள். அவர்களுக்குப் பின்னால் தெருப் பெண்கள். கூடையை எடுத்துக்கொண்டு படியேறும்போது மஹாதேவன் அதைக் கீழ்வீட்டுக்காரரிடம் திறந்து காட்டினானாம். வெள்ளை ஆந்தை லக்ஷ்மியின் வாகனமாம். வங்காளத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியுமாம். அதுவும் இன்றைக்கு லக்ஷ்மி பூஜைப் பௌர்ணமி. தாயார் எந்த வீட்டுக்கு வருவாளோ என்று ஊரே விழித்திருக்கிற நாளில், வாகனம் முன்னாடியே வந்து இறங்கிவிட்டது. கின்னிமாவுக்குக் கண்ணில் தண்ணீர். அவளுடைய நாட்டுப்பெண்கள் அரிசிமாவைக் கரைத்து, வாசலிலிருந்து படியேறி, கட்டில்கால் வரைக்கும் குட்டிக் குட்டியாக லக்ஷ்மி பாதம் வரைந்தார்கள். சலவை விரிப்பின்மேல் தாம்பாளம் தாம்பாளமாக நாரு என்கிற தேங்காய் உருண்டை வைத்தார்கள்.

முன் அறையிலிருந்து அனந்தலக்ஷ்மி அம்மாள் எட்டிப் பார்த்தாள். என்ன கூத்து என்று காமுவைக் கேட்டாள். காமுவுக்குச் சொல்ல மனமில்லை. மஹாதேவன்தான் எடுத்துச் சொன்னான். சொல்லிவிட்டு, "உன் பேரிலேயே லக்ஷ்மி இருக்காளே அம்மா" என்றும் சேர்த்தான்.

ஊரோடு ஒத்து வாழ வேண்டும் என்று அனந்தலக்ஷ்மி அம்மாளுக்கு அந்த நிமிஷம் தெரிந்தது. இரண்டு வருஷமாகக் கின்னிமாவின் நிழல் பட்டால் குளித்தவள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நுழைந்தாள். பாய் திரும்பி வந்தது. கொடி திரும்பி வந்தது. பிள்ளையாரும் கிளியும் எலியும் வந்தார்கள். இடம் போதவில்லை. காமுவின் பாய் முன் அறைக்குப் போயிற்று.

இப்போது மீன் வாசனையில் படுப்பவள் அவள்.

மறுநாள் இலை போட்டுப் பரிமாறும்போது அனந்தலக்ஷ்மி அம்மாள் நிதானமாகப் பேசினாள். கோபமே இல்லை. அதுதான் காமுவுக்குப் பயமாக இருந்தது.

"மூணு தெய்வம் குடியிருக்கிற ஆத்துலே இருக்கே. காளிகாட்டுலயும் வேண்டிண்டாச்சு. இன்னும் உன் வயிறு தொறக்கலேன்னா, குத்தம் யார் பேர்லேன்னு நான் சொல்ல வேண்டாம். தை பிறக்கட்டும். அண்ணா வரட்டும். பட்டு வந்தா நீ அக்காவாட்டம் இருந்துட்டுப் போ. உன்னை ஒண்ணும் துரத்தப் போறதில்லே."

காமு மஹாதேவனைப் பார்த்தாள். அவன் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான். ஒரு மனிதன் ரசம் சாதத்தை அவ்வளவு கவனமாகப் பிசைய முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

அன்றைக்கே தீர்மானித்தாள். இனி அவனை அனுப்பிப் பயனில்லை. பாவம், அவன் எதை எடுத்தாலும் அதில் ஒரு சாமி தொற்றிக்கொண்டு வருகிறது. இந்தத் தடவை தானே பார்த்து வாங்க வேண்டும்.

பாத்திரம் தேய்க்கிறவளுக்கு வீடு கிதிர்பூர் பக்கம். ரஹீம் மியாவைக் கையோடு அழைத்து வரும்படி அவளிடம் சொல்லி அனுப்பினாள். அவர் வரும்வரை உட்கார்ந்து ஒவ்வொரு பிராணியாக யோசித்தாள். அணில் என்றால் ராமர் முதுகில் தடவிவிட்டிருக்கிறார். ஆமை என்றால் அவதாரமே எடுத்தாகிவிட்டது. மீனும் அப்படியே. காக்கை சனீசுவரனுடையது. கழுதையாவது சும்மா இருக்கும் என்று பார்த்தால், அம்மை வார்க்கிற சீதளாதேவி அதில்தான் வருகிறாள் என்று கின்னிமா சொல்லியிருக்கிறாள். பல்லிக்குக் காஞ்சிபுரத்தில் தங்கத்தில் கவசம். யோசித்துப் பார்த்தால் இந்தத் தேசத்தில் கரப்பான்பூச்சி ஒன்றுதான் சாமிக்கு அகப்படாமல் தப்பித்திருக்கிறது. பெண்பிள்ளைக்கு ஒரு கதவைச் சாத்த இடமில்லை. கழுதைக்கு ஒரு கோயில் இருக்கிறது.

அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. இந்தத் தேசத்து ஜந்துவாக இருந்தால்தானே? கப்பலில் வந்ததாக இருந்தால்? சாமிகள் கண்ணாலும் பார்த்திராத ஒன்றாக?

மஹாதேவன் ஆபீஸில் இருந்தான். மாடியில் அனந்தலக்ஷ்மி அம்மாள் ராம ராம சொல்லிக்கொடுக்க, கிளி பௌமா பௌமா என்று திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. ரஹீம் மியா தோளில் காவடியும் காவடியில் கூண்டுகளுமாகக் கீழ்வாசலில் வந்து இறக்கினார். வெள்ளைத் தாடி, நல்ல சிரிப்பு. காமு படிக்கட்டில் நின்று, தனக்குத் தெரிந்த வங்காளியில், கப்பலில் வந்தது ஏதாவது உண்டா என்று கேட்டாள்.

அவர் ஒரு கூண்டைத் திறந்து உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். தவிட்டு நிறம். வாலே இல்லை. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும். உடம்பெல்லாம் கதகதப்பாக இருந்தது. மூக்கை மட்டும் ஆட்டியது. கடல் தாண்டி வந்தது என்றார். துரைமார் வீட்டுக் குழந்தைகள் வளர்ப்பார்களாம், சீமை எலி என்பார்களாம்.

எலி என்றதும் காமு பயந்துபோனாள். எலியே இல்லை, பெயர்தான் அப்படி, இது வேறு ஜாதி என்றார் அவர்.

அவள் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நிச்சயமாத்தானே மியா? இதன்மேலே எந்தச் சாமியும் ஏறலையே? சாமி ஏறாத ஜந்துதான் எனக்கு வேணும்" என்றாள்.

ரஹீம் மியா கூண்டுக் கதவைப் பிடித்தபடியே அவளை விழித்துப் பார்த்தார்.

"இதென்ன மாஜி, வீட்டிலே ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க? பாபு ஒவ்வொரு தடவையும், 'எந்தச் சாமியாவது ஏறுற ஜந்துவா விசாரிச்சுக் கொடு மியா, இல்லேன்னா அம்மா அறையைக் காலி பண்ணிடுவாங்க, அப்புறம் எனக்கு யார் விசிறுவா'ன்னு சொல்லித்தானே வாங்கிட்டுப் போனார்?"